எதிர் இலை

சோலையப்பனுக்கு முதன்முதலில் அநியாயம் செய்தவர் திருமேனி. அவருக்குப் பிறகும் எத்தனையோ பேர் செய்தார்கள்; கோயில் கொடைத் திருவிழாவில் தேர்வடத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டவன் ஒருவன், மீசையை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு அவசரக்காரனுக்குச் சவரம் செய்யப் போன சலூன்காரன் ஒருவன், அவர் வளர்த்த கிடாயைத் தன் கிடாய் என்று சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டவன் ஒருவன். அவர்களில் யாரையும் அவர் மறக்கவில்லை என்றாலும், அவர்கள் எல்லாம் திருமேனிக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள்தான். முதல் ஆள் திருமேனி. அவர் அந்நியரும் இல்லை, சோலையப்பனின் மனைவி ஆவுடைத்தங்கத்தின் கூடப்பிறந்த அண்ணன்.

நடந்தது இதுதான். சங்கரன்கோவிலில் திருமேனி தன் மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்தார். பெண்ணுக்கு அத்தை புருசன், வீட்டு மாப்பிள்ளை என்ற உரிமையில் பந்தல்கால் நட்டு, விறகு பிளந்து, அரிசி மூட்டைகளைத் தனியாளாக முதுகில் ஏற்றி இறக்கிய சோலையப்பன், தாலிகட்டு முடிந்ததும் முதல் பந்தியில் உட்கார்ந்தார். மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் மூட்டை தூக்குகிற உடம்பு, நல்ல பசி. இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்துத் துடைத்தார், காய்கறிகள் விழுந்தன, சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது, பிசைந்து முதல் கவளத்தை அள்ளி வாய்க்குக் கொண்டுபோகும்போது தோளில் ஒரு கை விழுந்தது.

"மாப்ள, கொஞ்சம் எந்திரிங்க. கமிஷன் கடை மொதலாளி வந்துட்டாக. நீங்க அடுத்த பந்தியில உக்காந்துக்கிடலாம்" என்றார் திருமேனி.

கவளத்தைக் கீழே போடவும் தெரியாமல் வாயில் போடவும் தெரியாமல் கையில் பிடித்தபடியே எழுந்து, அத்தனை பேர் பார்க்கப் பந்தலுக்கு வெளியே போய் நின்றார் சோலையப்பன். அடுத்த பந்தி உட்கார்ந்தது, எழுந்தது. அதற்கடுத்த பந்தியும் எழுந்தது. "மாப்ள, சாப்பிட வாங்க" என்று ஒரு வார்த்தை யாராவது வந்து சொல்வார்கள் என்று நின்றார். யாராவது என்ன யாராவது, திருமேனிதான் சொல்ல வேண்டும்; எழுப்பிவிட்ட வாய்தானே உட்காரச் சொல்ல வேண்டும். திருமேனி சம்பந்தக்காரர்களுக்கு வெற்றிலைத் தட்டு தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் போனாரே தவிர அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அந்த முதலாளி செத்துப்போனார், கல்யாணப் பெண் மாமியார் ஆகிவிட்டாள், பந்தல் போட்ட இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து சோலையப்பன் தன் வீட்டைத் தவிர எந்த இடத்திலும் இலை முன்னால் உட்காருவதில்லை என்று வைத்துக்கொண்டார். நின்றுகொண்டு டீ குடிப்பார், நின்றுகொண்டு வடை தின்பார். நிற்கிறவனை யாரும் எழுப்ப முடியாது என்பது அவர் ஞாயம். கல்யாணங்களுக்குப் போவார், மொய் எழுதுவார், திரும்பிவிடுவார். புருசன் சாப்பிடாத பந்தியில் பெண்டாட்டி எப்படி உட்காருவாள்? ஆவுடையும் கூடவே திரும்பி, பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் அடுப்பு பற்றவைத்து ரசம் வைப்பாள். ஊரில் கல்யாணமான வீடுகளில் எல்லாம் நெய் வாசம் அடிக்கிற நாட்களில் அவர்கள் வீட்டில் மட்டும் புளி வாசம் அடிக்கும்.

திருப்பூரில் வேலை பார்க்கிற மகள் பூரணம், ஆயிசுக்கும் எங்கேயும் போகாத அப்பாவையும் அம்மாவையும் சென்னைக்கு அனுப்பி ஊர் சுற்றிக் காட்டியே தீருவது என்று ரயிலுக்கும் திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜுக்கும் பதிவு செய்து அனுப்பியபோது, சோலையப்பன் முதலில் மறுத்துவிட்டு, கலங்கரை விளக்கத்துக்குள் லிஃப்ட் இருக்கிறது, மேலே ஏறிப் பார்க்கலாம் என்று கேள்விப்பட்ட பிறகு சம்மதித்தார்.

"நீ என்ன பாக்கணும்?" என்று பெண்டாட்டியிடம் கேட்டார்.

"எனக்கு பீச்சும் வேண்டாம், மியூசியமும் வேண்டாம்" என்றாள் ஆவுடை. "ஒரே ஒரு வேளை, ஒரு ஹோட்டல்ல, நான் இந்தப் பக்கம் நீங்க அந்தப் பக்கமா எதிரும் புதிருமா உக்காந்து சாப்பிடணும். எம்புட்டு வருசமா கேக்கேன்."

"புளியோதரை கட்டு" என்றார் சோலையப்பன். புளியோதரை மூன்று நாளைக்குத் தாங்கும். பயணமும் மூன்று நாள்தான்.

கட்டினாள். பெரிய தூக்குச்சட்டி நிறைய, நல்லெண்ணெய் மிதக்க மிதக்கக் கட்டினாள். எழும்பூரில் இறங்கும்போது தூக்குச்சட்டி காலியாக இருந்தது.

"எங்கட்டி சோறு?"

"பக்கத்து சீட்டுக்காரி கைக்குழந்தையோட வந்தா. பசின்னா. குடுத்தேன்."

"மூணு நாளு சோத்தையுமா தின்னா?"

"அவ வீட்டுக்காரனும் பசின்னான்" என்று சொல்லிவிட்டு ஆவுடை அவருக்கு முன்னால் நடந்தாள். முட்டிவலிக்காரி அவ்வளவு வேகமாக நடந்து அவர் பார்த்ததில்லை.

லாட்ஜுக்குப் பக்கத்திலேயே தாமரைக்குளம் மெஸ் என்று ஒன்று இருந்தது. நீளமான ஹால், நீளமான மேசைகள், இரண்டு பக்கமும் பெஞ்சு. மதியம் ஆவுடை உள்ளே போய் உட்கார்ந்தாள். சோலையப்பன் உள்ளே வரவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு மெஸ் வாசல் தூணில் சாய்ந்து நின்றார். பரிமாறுகிற இருதயராஜ், நரைத்த மீசைக்காரர், ஆவுடைக்கு இலை போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவளுக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு இலை கிடந்தது. யாரும் போடாத இலை. நல்ல தலைவாழை இலை, அதில் ஆவி பறக்கச் சோறு, சோற்றில் சாம்பார், பிசைந்த இடத்தில் விரல் தடம், ஓரத்தில் ஒரு கவளம் அள்ளிய பள்ளம், நீளவாக்கில் அரிந்த வாழைக்காய் வறுவல், மிளகு தூக்கலாகப் போட்ட பூசணிக் கூட்டு, நொறுங்காத அப்பளம், கொஞ்சம் பூந்தி. அந்தக் கூட்டின் வாசத்தை ஆவுடை ஒரே மூச்சில் கண்டுபிடித்துவிட்டாள். அது அவள் அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கழுகுமலையிலிருந்து வந்த சமையல்காரர் வைத்த கூட்டு.

இருதயராஜ் இலையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"ஏம்மா, தூணாண்ட டீ குடிச்சிட்டு நிக்கிறாரே, உங்க வீட்டுக்காரரா?"

"ஆமா."

"அவர் இலைதான். எங்கியோ பாதியில எழுப்பிட்டிருக்காங்க. வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு அப்பப்போ இப்படி வரும். போன ஆடியில அரக்கோணத்து டீச்சரம்மா ஒருத்தங்களுக்கு வந்துச்சு. நீங்க பாட்டுக்கு சாப்பிடுங்க, அதுக்கு மேல நாங்க வேற இலை போட மாட்டோம்" என்றவர், அந்த மேசைக்கு மேலே ஓடிய ஃபேனை நிறுத்தினார். "காத்துல சோறு காஞ்சிடும்."

கல்லாவில் இருந்த லோகாம்பாள் எட்டிப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். சமையல்கட்டிலிருந்து மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சாம்பாரை முகர்ந்து, கொத்தமல்லியை வறுக்கும்போது அடுப்பு தணிந்திருக்கிறது என்று குறை சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் தம்ளர்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். ஆனால் எதிர் இலையில் சோறு ஆவி பறக்கும்போது ஆவுடையின் கை தன் இலைக்குப் போகவில்லை. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

"என்ன, ஹோட்டல் சோறு அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றார் சோலையப்பன்.

"நீங்க தின்னாத்தான் நான் திங்க முடியும். வாங்க, உங்க சோறு உள்ள காத்துக்கிட்டு கிடக்கு."

அவர் கம்பிச் சன்னல் வழியாகப் பார்த்தார். தன் விரல் தடம் தனக்குத் தெரியாதா? அவருக்கு ஆச்சரியம் வரவில்லை; கோபம்தான் வந்தது. "இலை வந்துருக்கு. கூப்பிட வேண்டிய ஆளு வந்துருக்காரா?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அதற்குப் பிறகு அவர்கள் போன இடத்துக்கெல்லாம் இலையும் போனது. ஆவுடை எங்கே உட்கார்ந்தாலும் அவளுக்கு எதிரில் அது இருந்தது. மெட்ரோ ரயிலில் அவள் உட்கார்ந்ததும் எதிர் இருக்கையில் இலை இருந்தது. நெருக்கியடித்து ஏறிய கூட்டம் அந்த இருக்கையை மட்டும் விட்டுவிட்டு நின்றது, கைப்பிடியில் தொங்கிய ஒருவர் குனிந்து பார்த்து, பூந்தி நல்லா இருக்கும் போலிருக்கே என்றார். மியூசியத்து வாசல் பெஞ்சில் அவள் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தபோது காவலாளி வந்து, சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது, ஆனால் இது தானாக வந்தது என்பதால் சட்டம் ஒன்றும் இல்லை, கல்வெட்டு இருக்கிற ஹால் பக்கம் மட்டும் உட்கார வேண்டாம், எறும்பு வந்தால் மேலே கேட்பார்கள் என்றார். எறும்பு வரவில்லை. காக்கையும் வரவில்லை. மெரினாவில் அவள் மணலில் உட்கார, மணலில் இலை விரிந்து கிடந்தது, காற்று வாரி இறைத்த மணலில் ஒரு துகள்கூடச் சோற்றில் ஒட்டவில்லை. அந்த வழியாக வந்த பூக்காரி கன்னியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"யாருதும்மா இது?"

"எங்க வீட்டுக்காரருது."

"துன்னாம எழுந்துட்டாரா, எழுப்பிட்டாங்களா?"

"எழுப்பிட்டாக. எங்க அண்ணன்தான்."

"கூடப்பொறந்ததுங்களே இப்படித்தான்" என்ற கன்னியம்மா, ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி இலை ஓரத்தில் வைத்தாள்; வைத்துவிட்டு, எட்டத்தில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த சோலையப்பனைப் பார்த்து, "யோவ் பெரியவரே, அந்த அம்மா காலையில இருந்து பட்டினின்னு மூஞ்சே சொல்லுது. வீம்பை மட்டும் வச்சுக்கினு என்னத்தக் கண்டே?" என்று கத்தினாள்.

அது அவருக்குச் சுருக்கென்றது. பஜ்ஜித் தட்டைக் கொண்டுபோய் ஆவுடையிடம் நீட்டினார். உட்கார்ந்து தின்ன மாட்டேன் என்றாள். அப்படியானால் எழுந்திரு என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு முனகியபடி எழுந்து, அவரோடு நின்று பஜ்ஜி தின்றாள். அவள் எழுந்த கொஞ்ச நேரத்தில் இலை மறைந்து, மணலில் மல்லிகை மட்டும் கிடந்தது. ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்று தின்பதைப் பார்த்தபோது, நிற்கிறவனை யாரும் எழுப்ப முடியாது என்ற தன் ஞாயம் அவளுக்குப் பொருந்தாது என்று சோலையப்பனுக்குத் தோன்றியது.

மறுநாள் கலங்கரை விளக்கத்தில் அவர் மட்டும் ஏறினார். ஆவுடைக்கு உயரம் ஆகாது, தலை சுற்றும். கீழே சாலையோரச் சுவரில் உட்கார்ந்துகொண்டாள். லிஃப்ட் அவரை மேலே கொண்டுபோய் விட்டது. கடலைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், பிறகு குனிந்து ஆவுடையைத் தேடினார். பச்சைச் சேலையில் ஒரு புள்ளியாக இருந்தாள். அவளுக்கு எதிரில் அதைவிடச் சின்னப் பச்சைப் புள்ளியாக இலை இருந்தது. அவள் கையை ஆட்டி ஆட்டி அதனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது, சிரிக்கிறாள். மறுபடி சொன்னாள். இவ்வளவு பெரிய கடலை விட்டுவிட்டு அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் அவள் பேசும்போது தான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்போம் என்று யோசித்துப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை.

இறங்கி வந்ததும் கேட்டார்: "அதுகிட்ட என்ன பேச்சு?"

"நீங்க உக்காந்தா உங்ககிட்ட பேசுவேன். நீங்கதான் நின்னுக்கிட்டே இருக்கீகளே."

"அது என்ன சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல. உங்களை மாதிரி இடையில புகுந்து, அவன் அன்னைக்கி அப்படிப் பண்ணான், இவன் இப்படிப் பண்ணான்னு ஆரம்பிக்காம, நான் சொல்றதக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு" என்றாள்.

சோலையப்பன் இலையை முறைத்தார். தன் இலைமேலேயே தனக்குப் பொறாமை வரும் என்று அவர் நினைத்ததில்லை.

அன்று மத்தியானம் மெஸ் வாசலில் அவருக்காகக் கொஞ்சம் பேர் காத்திருந்தார்கள். செய்தி தெருவுக்குள் பரவியிருந்தது. வந்தவர்கள் எல்லாம் எங்கேயோ ஒரு பந்தியில் எழுப்பிவிடப்பட்டவர்கள். சீமந்தத்தில் எழுப்பப்பட்டவள், காதுகுத்தில் எழுப்பப்பட்டவர், சொந்த மகன் கல்யாணத்திலேயே சம்பந்தி வீட்டாருக்காக எழுப்பப்பட்ட புருசனும் பெண்டாட்டியும். அவர்கள் ஒவ்வொருவராகப் போய் ஆவுடைக்கு எதிரில் இருந்த இலையைப் பார்த்தார்கள், ஒருவரும் தொடவில்லை, வெளியே வந்து சோலையப்பனுக்கு வணக்கம் வைத்தார்கள். வரதராஜுலு என்கிற ஒரு பெரியவர், வெள்ளைச் சட்டையில் பேனா குத்தியவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், சோலையப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"என்னை என் தம்பி எழுப்பிட்டான் சார். ஜட்ஜ் ஒருத்தர் வந்தார்னு. எனக்கு இன்னும் இலை வரல. தினமும் இங்கதான் சாப்பிடுறேன், எதிர் சீட்டைப் பாத்துக்கிட்டேதான் சாப்பிடுறேன். உங்களுக்கு எப்படி சார் வந்துச்சு? விடாம நினைச்சுக்கிட்டே இருந்தீங்களா?"

"நினைக்காத நாளே கிடையாது" என்றார் சோலையப்பன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"நான் நடுவுல கொஞ்ச நாள் மறந்துட்டேன். அதான் போலிருக்கு" என்று வரதராஜுலு வருத்தப்பட்டார்.

ஊரில் அவர் இந்தக் கதையை ஆரம்பித்தால் ஆட்கள் செருப்பைத் தேடுவார்கள். இங்கே அந்நிய மனிதர்கள் தோள்மேல் கைபோட்டு, அந்த முதலாளி என்ன கலர் சட்டை போட்டிருந்தார் என்று கேட்கிறார்கள். அன்று முழுக்க சோலையப்பன் சந்தோஷமாக இருந்தார். ஆவுடை அன்றும் சாப்பிடவில்லை. அவரோடு தள்ளுவண்டி ஓரத்தில் நின்று இரண்டு இட்லி தின்றாள்.

மூன்றாம் நாள் இலையில் ஆவி குறைந்துவிட்டது. மதியம் ஆவுடை போய் உட்கார்ந்தபோது, எதிரில் இருந்த சோற்றின் மேல் புறங்கையைப் பிடித்துப் பார்த்த இருதயராஜ் உதட்டைப் பிதுக்கினார்.

"இளஞ்சூடுதாம்மா இருக்கு. ஆறிப்போச்சுன்னா அப்புறம் வராது. அந்த டீச்சரம்மா நாளைக்கு நாளைக்குன்னு இருந்து விட்டுட்டாங்க. உங்களுக்கு வண்டி எப்ப?"

"சாயங்காலம்."

ஆவுடை எழுந்து வாசலுக்கு வந்தாள். அவர் தூணோரத்தில் நின்றார். அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. "இப்ப என்னதான் செய்யணும், சொல்லுங்க" என்றாள்.

"உங்க அண்ணன் கூப்பிடட்டும். வாரேன்."

ஆவுடை உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, போனை எடுத்துத் திருமேனியை அழைத்து, வாசல்வரை கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"யாரு, தங்கமா? எங்க இருக்க? ஒரே இரைச்சலா கேக்கு?"

"மெட்ராஸ்ல இருக்கேண்ணே. இவுகளும் இருக்காக. அண்ணே, இவுகளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. சாப்பிட வாங்க மாப்ளன்னு."

"எங்க, மெட்ராஸ்ல சாப்பிடவா? நான் இங்கல்லா இருக்கேன்?"

"நம்ம மூத்தவ கல்யாணத்துல இவுக சாப்பிடலண்ணே."

சோலையப்பன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பிடலையா? ஏன், அன்னைக்கி வயிறு கியிறு சரியில்லையா அவருக்கு?" என்றார் திருமேனி. நடிப்பில்லை; அந்தக் குரலில் நிஜமான அக்கறை இருந்தது. "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே தாயி. அன்னைக்கி ஆயிரம் சோலி. சரி, அங்கன மூட்டுக்குத் தைலம் நல்லதா கிடைக்குமாம்ல, வரும்போது ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வா. நீயும் தேச்சுப் பாரு." போன் வைக்கப்பட்டது.

பெரிய மூட்டையைத் தூக்கும்போது இரண்டு பேர் வேண்டும். ஒருவன் இந்த முனை, ஒருவன் அந்த முனை. சோலையப்பன் இத்தனை காலமும் மறுமுனையைத் திருமேனி பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தார். மனசுக்குள் அவருக்கும் கனக்கும், அவருக்கும் தோள் வலிக்கும், வெளியே சொல்ல வெட்கப்படுகிறார், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார். அவர் பிடிக்கவே இல்லை. மொத்த மூட்டையும் ஒரே முதுகில்தான் இருந்திருக்கிறது. சோலையப்பனுக்கு முதுகு சட்டென்று வலித்தது. தூணை விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார்.

அப்போதுதான் மெஸ்ஸுக்குள் அது நடந்தது. நடந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, நடக்க வேண்டியது நடக்காமல் போனது. சாப்பிட்டு முடித்தவர்களின் இலையை எடுக்க இருதயராஜ் வாளியோடு வந்தபோது, முதல் பெஞ்சில் இருந்த ஒரு பேங்க் ஊழியர், முழங்கையால் தன் இலையை மறைத்துக்கொண்டு, "இருங்க, எதிர்ல ஒரு இலை முடியல" என்றார். பந்தி என்றால் அப்படித்தான், கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கிறவரை மற்றவர்கள் எழக் கூடாது. ஊரில் எல்லாரும் கற்றுக்கொண்டதுதான், ஆனால் மெஸ்ஸில் யாரும் அதைப் பார்ப்பதில்லை, தின்றவன் எழுவான், நின்றவன் உட்காருவான். அன்று அந்த ஊழியர் எழவில்லை. அவர் எழாததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர் எழவில்லை, அவரைப் பார்த்து டைப்ரைட்டிங் படிக்கிற பெண்கள் எழவில்லை, வரதராஜுலு எழவில்லை, கடைசி மேசையில் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டிய குடும்பமும் பெட்டியைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தே இருந்தது. கைகளில் மோர்ச்சோறு காய்ந்து இழுத்தது. போன்கள் அடித்தன, இடது கையால் எடுத்து, வர நேரமாகும், ஒரு இலை பாக்கி இருக்கிறது என்றார்கள். வெளியே இடத்துக்காக நின்ற வரிசை முதலில் முணுமுணுத்தது, பிறகு என்னவென்று கேட்டது, கேட்டது பின்னால் பின்னால் சொல்லப்பட்டு வரிசையின் வால்வரை போனதும் வரிசையும் பேசாமல் நின்றது. லோகாம்பாள் கல்லாவைப் பூட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அடுப்படியில் தாளிக்கிற சத்தமும் நின்றுவிட்டது.

அந்த அமைதிதான் சோலையப்பனைத் திரும்பிப் பார்க்க வைத்தது. சன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். ஹால் நிறைய மனிதர்கள், முன்னால் வழித்த இலைகள், மடியில் தொங்கவிட்ட எச்சில் கைகள். அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"என்னய்யா இது?" என்றார்.

"யாரும் எழுந்திருக்க மாட்டேங்கிறாங்க சார்" என்றார் இருதயராஜ். "நான் என்ன பண்ண? வாளியோட நிக்கிறேன்."

"எனக்கு ரெண்டு மணிக்கு மேனேஜர் மீட்டிங்" என்றார் பேங்க் ஊழியர். அதைச் சொல்லிவிட்டு இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஆவுடை இரண்டு நாள் அரைப்பட்டினியில் ஒடுங்கிய முகத்தோடு, எதிர் இலையின் மேல் ஈ உட்கார்ந்துவிடாமல் முந்தானையை வீசிக்கொண்டே, "வாங்க, ஆறுது" என்றாள். வீட்டில் தினமும் கூப்பிடுகிற அதே குரல்.

சோலையப்பன் செருப்பை வாசலில் கழற்றினார். தொட்டியில் கையைக் கழுவினார், வேண்டிய அளவுக்கு மேல் கழுவினார். பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவில் தொடையை நுழைத்து, பெஞ்சு கிரீச்சிட, ஆவுடைக்கு நேர் எதிரில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தோள் தானாகக் குறுகியது. ஒரு கை வந்து விழும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். விழவில்லை. கையை இலைக்குக் கொண்டுபோனார். கவளம் அள்ளிய பள்ளத்துக்குப் பக்கத்திலேயே அள்ளி, உருட்டி, வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். ஹாலே மென்றது.

"உப்பு கம்மி" என்றார்.

ஆவுடைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தன் இலையில் கைவைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். கொஞ்சமாகத் தொடங்கி, பிறகு வெட்கப்படாமல் அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள், வத்தக்குழம்பு கேட்டாள், மறுசோறு கேட்டாள். அவர் தன் இலையிலிருந்த பூந்தியில் பாதியை அள்ளி எட்டி அவள் இலையில் வைத்தார். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். கன்னியம்மாவின் மூக்குத்தியைப் பற்றி, ரயிலில் புளியோதரை தின்றவன் விரலைச் சூப்பியதைப் பற்றி, கீழே உட்கார்ந்திருந்தபோது அவர் கலங்கரை விளக்கத்து உச்சியில் எறும்பு மாதிரி தெரிந்ததைப் பற்றி. இடையில் புகவில்லை. கூட்டை வழித்தார், அப்பளத்தை நொறுக்கினார், கடைசிப் பருக்கையை எடுத்து வாயில் போட்டு நிமிர்ந்தபோது, ஹால் முழுக்க ஒரே நேரத்தில் பெஞ்சுகள் நகர்ந்தன, எல்லாரும் எழுந்து காய்ந்த கையோடு தொட்டிக்குப் போனார்கள், பேங்க் ஊழியர் ஓடினார். வரதராஜுலு மட்டும் அவரைக் கடக்கும்போது தோளைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

மோர் ஊற்றிக்கொண்டே ஆவுடை மெதுவாகக் கேட்டாள்: "எங்க அண்ணன் மேல இருந்த வருத்தம் போச்சா?"

"அது எப்படிப் போகும்? இது நீ கூப்பிட்டு நான் வந்தது. உங்க அண்ணன் இன்னும் கூப்பிடல."

"அவருக்குத்தான் ஞாபகமே இல்லையே."

"ஞாபகம் இல்லேன்னா இல்லேன்னு ஆயிருமா?" என்ற சோலையப்பன், இருதயராஜிடம் அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். "தைலத்த வாங்கிட்டுப் போயி நீயே கையில குடு. குடுக்கும்போது சொல்லு, மாப்ள இன்னும் பந்தலுக்கு வெளியதான் நிக்காகன்னு."